நெபுலைசர் மிஷினை விற்கும்போது டப்பாவைத் திறந்து காட்டுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மெடிக்கல் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளுநர்களுக்கும், வேலை பழகும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் கே.வி.குப்பம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மூச்சுத் தொல்லை. என் அம்மா குடியாத்தத்தில் நாற்பது வருடம் பீடி சுற்றியவர். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அந்தப் புகையிலைத் தூளோடுதான் இருப்பார். பீடியை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. ஆனாலும் நுரையீரல் கெட்டுப்போனது. என் பையனுக்கு ஆறு வயது, இரண்டரை வயதிலிருந்து வீசிங். ஆக, உங்கள் கடைகளுக்கு அதிகம் வருகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மார்கழியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணி. பையனுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. நெபுலைசரை, அதாவது மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் மிஷினை, எடுத்து வைத்துவிட்டு, மருந்து எங்கே என்று பீரோவில் தேடிக்கொண்டிருந்தேன். கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது. நான் திரும்பி வருவதற்குள் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அம்மா மாஸ்க்கைப் பேரன் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கப்பில் கரும்பச்சையாக என்னமோ இருந்தது. சாயங்காலம் போட்ட ஆடாதொடைக் கஷாயம். மெல்லிய வேட்டித் துணியில் மூன்று முறை வடிகட்டித்தான் ஊற்றினாராம். "குடிச்சாவே சளி அறுக்குது, நேரா நெஞ்சுக்குப் போனா இன்னும் சீக்கிரம் கேக்கும் இல்ல?" என்றார்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பையன் தொடர்ந்து இரும ஆரம்பித்தான். நிறுத்தி மூச்சு இழுக்க முடியவில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு காட்பாடிக்கு ஓடினோம். ஆக்ஸிஜன் வைத்து, மருந்து வைத்து, மறுநாள் மத்தியானம்தான் அனுப்பினார்கள். பையன் நன்றாக இருக்கிறான். அம்மா மட்டும் அன்றிலிருந்து அந்த மிஷினைத் தன் கையால் இயக்குவதில்லை.

அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் யோசித்தது தப்பான யோசனைதான், ஆனால் முட்டாள்தனமான யோசனை இல்லை. வயிற்றுக்கு நல்லது மூச்சுக்கும் நல்லது என்று நினைப்பது இயல்பு. வயிற்றில் அமிலம் இருக்கிறது, உள்ளே வருவதை அது ஒரு கை பார்த்துவிடும். நுரையீரலுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. மூக்கும் தொண்டையும்தான் அதன் வாசல்படி. நெபுலைசர் மருந்தை ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் அளவுத் துளியாக உடைப்பதே அந்த வாசல்படியைத் தாண்டி அனுப்பத்தான். மருந்தை உள்ளே கொண்டுபோகிற அதே வழியில் கஷாயத்தின் சக்கையும், துணியின் அழுக்கும், தண்ணீரின் கிருமியும் போய்விடும். இது எனக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு இளம் டாக்டர் சொல்லித் தெரிந்தது. மிஷின் வாங்கி அப்போது பதினோரு மாதம் ஆகியிருந்தது.

வாங்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எப்படி வைப்பது என்று கேட்டேன், "மெடிக்கல்ல காட்டுவாங்கம்மா" என்றார். வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடையில் கவுன்ட்டரில் இருந்த தம்பியிடம், "இதுல இன்னா ஊத்தணும், எவ்ளோ ஊத்தணும்?" என்று கேட்டேன். "டாக்டர் சொல்லியிருப்பாருக்கா" என்று பில் போட்டுவிட்டார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து, ஒட்டு பிரிக்காத டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே இருந்த தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது, எறும்பு எழுத்து. நான் படித்தவள், பூதக்கண்ணாடி வைத்தாவது படித்துவிடுவேன். ஒடுகத்தூரிலிருந்தும் பீஞ்சமந்தை மலையிலிருந்தும் வந்து இதே டப்பாவை வாங்கிப்போகும் அம்மாக்கள் என்ன செய்வார்கள்?

அதனால்தான் இந்தக் கடிதத்தை டாக்டர்களுக்கோ கலெக்டருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். கடைசியாக அந்த டப்பா உங்கள் கையிலிருந்துதான் எங்கள் கைக்கு வருகிறது. 2015-ல் வந்த பார்மசி பிராக்டீஸ் விதிமுறைகளும் நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வதை மருந்தாளுநரின் வேலையாகவே வைத்திருக்கின்றன. உங்களுக்குப் புதிய சுமை எதையும் நான் ஏற்றவில்லை.

கேட்பது இதுதான். நெபுலைசர் விற்கும்போது டப்பாவை அங்கேயே பிரியுங்கள். கப்பைக் கழற்றி மாட்டிக் காட்டுங்கள். பில் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்வது? பட்டுத் தெரிந்தவள் என்பதால் சொல்கிறேன். முதலில் கப்பில் என்ன ஊற்றலாம் என்பது. டாக்டர் எழுதிய நெபுலைசர் மருந்து, கலக்கச் சொல்லியிருந்தால் அதோடு கிருமி நீக்கிய நார்மல் சலைன் என்ற உப்பு நீர், அவ்வளவுதான். சின்ன பிளாஸ்டிக் குப்பியில் ஒரு வேளைக்கென்று வரும் மருந்துக்குப் பெரும்பாலும் கலக்கவே தேவையில்லை. சொட்டு எண்ணி ஊற்றும் பாட்டில் மருந்துக்குத்தான் சலைன் வேண்டும். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் கேன் தண்ணீரைக் கலக்கிறார்கள். "ஆர்.ஓ. தண்ணிதானே, சுத்தமாத்தானே இருக்கும்" என்கிறார்கள். உப்பில்லாத வெறும் தண்ணீர் அந்த மெல்லிய துளியாக உள்ளே போனாலே மூச்சுக்குழாய் சுருங்கக்கூடும். அதில் கிருமியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நீலகிரி தைலம் இரண்டு சொட்டு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அதுவே ஒரு வகை நிமோனியாவைக் கொண்டுவரும். இதையெல்லாம் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: "மருந்தும் சலைனும் தவிர வேற எதையும் இதுல ஊத்தாதீங்க." கடைக்காரர் வாயால் வரும்போது அதற்கு ஒரு கனம் இருக்கிறது. நான் சொன்னால் அம்மா கேட்கமாட்டார். மெடிக்கல்காரர் சொன்னார் என்றால் கேட்பார்.

அப்புறம் மாஸ்க். குழந்தை அழுகிறதே என்று முகத்திலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிப்போம். நானும் ஒரு வருடம் அப்படித்தான் பிடித்தேன். புகை முகத்தின் மேல் போகிறது, நமக்குத் திருப்தியாக இருக்கிறது, மருந்து காற்றில் போய்விடுகிறது. மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடி ஒட்டி இருக்க வேண்டும். அழும்போது மருந்து உள்ளே போவதும் குறைவுதான். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, கதை சொல்லி, அமைதிப்படுத்தி வைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கப் கடகடவென்று தெறிக்க ஆரம்பித்தால் மருந்து தீர்ந்தது என்று அர்த்தம். புடிசோனைட் என்ற ஸ்டீராய்டு மருந்தை வைத்திருந்தால் முடிந்ததும் வாயைக் கொப்பளிக்கவைத்து முகத்தையும் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படியும். என் பையனுக்கு நாக்கு முழுக்க வெள்ளையாகிப் பால்கூடக் குடிக்க முடியாமல் போனபோதுதான் இதைத் தெரிந்துகொண்டேன்.

கழுவுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருமுறை எங்கள் மிஷினின் கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில், மருந்து மேலே ஏறும் அந்தச் சின்னக் கூம்பைச் சுற்றி, வழவழவென்று ஒரு படலம். விரலால் தேய்த்தால் வந்தது, முகர்ந்தால் பழைய தண்ணீர்த் தொட்டி வாசனை. டியூபின் உள்ளே நீர் முத்துகள். இதைத்தான் தினம் இரண்டு வேளை குழந்தை நெஞ்சுக்குள் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை வைத்த பிறகும் கப்பையும் மாஸ்க்கையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, உதறி, சுத்தமான துணி மேல் காற்றாட உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடி வைக்கக் கூடாது. டியூபைக் கழுவ வேண்டியதில்லை. கப்பைக் கழற்றிவிட்டு மிஷினைச் சிறிது நேரம் சும்மா ஓடவிட்டால் உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துவிடும். மிஷின் பக்கவாட்டில் இருக்கும் வெள்ளை ஃபில்டர் சாம்பல் நிறமானால் மாற்ற வேண்டும். அந்த ஃபில்டரும் தனிக் கப்பும் மாஸ்க்கும் உங்களில் பலர் கடையில் இருப்பதில்லை. தயவுசெய்து வாங்கி வையுங்கள். அவை கிடைக்காததால்தான் தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே மாஸ்க்கில் ஓடுகிறது.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். சீட்டு இல்லாமல் குப்பிகளைக் கொடுப்பதைப் பற்றி.

ராத்திரி பத்தரை மணிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவரிடம் சீட்டு எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த ராத்திரிகளில் எங்களைக் காப்பாற்றியதும் நீங்கள்தான். ஆனால் எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். வாரா வாரம் பட்டை பட்டையாகச் சல்பூட்டமால் குப்பி வாங்குகிறார். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை வைக்கிறார். டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். டாக்டரிடம் போய் ஒன்றரை வருடம் ஆகிறது, ஏனென்றால் மிஷின் வீட்டிலேயே இருக்கிறது. சல்பூட்டமால் சுருங்கிய குழாயைச் சில மணி நேரம் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கம் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போகும், இவர் திறந்துகொண்டே இருப்பார். ஆஸ்துமாவுக்கு அந்த மருந்தை மட்டும் வைத்துச் சமாளிக்க வேண்டாம் என்று ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-லேயே மாற்றிச் சொல்லிவிட்டது. வீக்கத்தைக் குறைக்கும் மருந்து கூடவே வேண்டும்.

அந்த அக்கா எத்தனை பட்டை வாங்குகிறார் என்பது டாக்டருக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். "போன வாரம்தானே வாங்கினீங்க, அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?" என்று நீங்கள் கேட்கும் ஒரு கேள்விதான் அவரை டாக்டரிடம் அனுப்பும். மருந்தைக் கொடுத்துவிட்டே கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, இன்ஹேலர். "இன்ஹேலர் வைச்சா பழகிடும், மிஷின்தான் நல்லது" என்று கவுன்ட்டரிலேயே சொல்வதை இரண்டு கடைகளில் என் காதால் கேட்டிருக்கிறேன். உயிருக்கு ஆபத்தில்லாத இழுப்பில், ஸ்பேஸர் என்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டிய இன்ஹேலர் நெபுலைசருக்குச் சமமாகவே வேலை செய்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு நாடித் துடிப்பு ஏறுவதுகூட அதில் குறைவு. ஸ்பேஸருக்குக் கரண்ட் வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கும் போகலாம், திருவிழாவுக்கும் போகலாம். சின்னக் குழந்தைக்கு மாஸ்க் வைத்த ஸ்பேஸர் இருக்கிறது. விலையும் மிஷினைவிடக் குறைவு. மிஷினில் உங்களுக்கு லாபம் கூடுதல் என்பது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று எடுத்துக் காட்டுங்கள். என் பையன் இப்போது பெரும்பாலும் அதைத்தான் வைக்கிறான். மிஷின் அம்மாவுக்கு.

நாட்டு மருந்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. ஏனென்றால் உங்களிடம் வருகிற பாதிப் பேர் ஒரு கையில் குப்பியும் இன்னொரு கையில் கஷாயப் பொடியும் வாங்கிப்போகிறவர்கள். நானும் அப்படித்தான். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆடாதொடை இருக்கிறது, தூதுவளை வேலி ஏறியிருக்கிறது, கற்பூரவல்லி தொட்டியில். சளிக்கென்று நீங்கள் விற்கும் புரோம்ஹெக்சின், அம்ப்ராக்ஸால் இரண்டும் ஆடாதொடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து வந்தவைதானே. அதனால் பாட்டி வைத்தியம் என்று யாரையும் கடையில் வைத்துச் சிரிக்காதீர்கள். சிரித்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள். மறைப்பதுதான் ஆபத்து.

சிரிப்பதற்குப் பதில் அளவு சொல்லுங்கள். ஒரு வயதுக்கு மேல் இருமலுக்குத் தேன் கொடுக்கலாம், ஒரு வயதுக்குள் ஒரு சொட்டுகூடக் கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் அதிமதுரத்தை மாதக்கணக்கில் மெல்லக் கூடாது, பிரஷர் ஏறும். கற்பூரத்தையும் நீலகிரி தைலத்தையும் குழந்தை விழுங்கிவிட்டால் வலிப்பு வரக்கூடும், கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும், வீசிங்கை நிறுத்தாது. கொதிக்கும் குண்டானுக்கு முன்னால் குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைப்பதை எப்படியாவது தடுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளையின் தொடையில் அந்தத் தழும்பு இருக்கிறது.

சாம்பிராணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைக்கு ஊற்றியதும் குழந்தையைக் கூடைமேல் பிடித்துப் புகை காட்டுவது நம் வீடுகளில் விடாத பழக்கம். வீசிங் உள்ள பிள்ளைக்கு அதுதான் முதல் எதிரி. கொசுவத்திச் சுருளும் அப்படியே. ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்தூசு 75-லிருந்து 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று ஒரு ஆய்வில் அளந்திருக்கிறார்கள். காலையில் நெபுலைசர், ராத்திரி சுருள் என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? குப்பி வாங்க வருகிறவர் கூடவே சுருளும் கேட்டால் கொசுவலை வாங்கச் சொல்லுங்கள்.

ஜூன் மாதம் மிருகசீரிஷக் கார்த்தி சமயத்தில் காட்பாடியிலிருந்து ரயில் ஏறி ஹைதராபாத்துக்கு, ஆஸ்துமாவுக்கென்று உயிர் மீனுக்குள் வைத்துத் தரும் மீன் மருந்தை விழுங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகட்டும், அந்த நம்பிக்கையை நான் பிடுங்கப் போவதில்லை. போவதற்கு முன் உங்களிடம் வந்து, "இனிமே இன்ஹேலர் வேணாம் இல்ல?" என்று கேட்பார்கள். அப்போது மட்டும், டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பெயரே இல்லாத பாக்கெட்டில் யாரோ கொடுக்கும் "மூலிகைப் பொடி" இரண்டே நாளில் இழுப்பை நிறுத்தியது என்று யாராவது சொன்னால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று நீங்களாவது எச்சரியுங்கள். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் பல அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, படித்த டாக்டர் இருக்கிறார், அங்கே அனுப்புங்கள். இரண்டு டாக்டரிடமும் இரண்டு மருந்தையும் சொல்லச் சொல்லுங்கள்.

2021 ஏப்ரலில், ஆக்ஸிஜன் கிடைக்காமல் நாடே தவித்தபோது, நெபுலைசரே ஆக்ஸிஜன் சிலிண்டர் மாதிரி வேலை செய்யும் என்று ஒரு வீடியோ சுற்றியது. எங்கள் குடும்ப வாட்ஸப்பிலும் வந்தது. மிஷின் அறைக் காற்றைத்தான் தள்ளுகிறது, புதிதாக ஆக்ஸிஜனை உண்டாக்குவதில்லை. இன்றைக்கும் அதை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மூச்சுத் திணறும் பெரியவருக்கு மருந்தில்லாமல் வெறும் தண்ணீரை வைத்து ஓட்டி, விடியட்டும் என்று காத்திருந்த வீடு எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அந்தப் பெரியவர் விடியலைப் பார்க்கவில்லை.

அதனால் ஐந்து நிமிடத்தில் கடைசி ஒரு நிமிடத்தை இதற்கு வையுங்கள்: எப்போது மிஷினை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டும். மருந்து வைத்தும் குறையவில்லை என்றால், நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், குழந்தைக்கு விலா உள்ளே இழுத்தால், உடனே 108. ஒன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தை சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேகம். ஒரு வயதுக்குள், இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்கு 50. சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். குடியாத்தம் அரசு மருத்துவமனையோ அடுக்கம்பாறையோ, எது பக்கமோ அங்கே.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கப், மாஸ்க், விலா உள்ளே இழுப்பது எல்லாவற்றுக்கும் எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் படம் போட்டுக் கொடுத்தார். பையனைப் பார்க்கும் டாக்டர் ஒருமுறை படித்துப் பார்த்து இரண்டு இடம் திருத்தினார். இருநூறு ஜெராக்ஸ் எடுத்திருக்கிறேன். வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கே.வி.குப்பம், லத்தேரி, குடியாத்தம் கடைகளுக்கு நானே கொண்டுவருகிறேன். அதற்கடுத்த வாரம் காட்பாடி, வேலூர். ஒவ்வொரு நெபுலைசர் டப்பாவிலும் ஒரு தாளைப் போடுங்கள், ஒன்றைக் கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டுங்கள். தவறு ஏதாவது கண்ணில் பட்டால் பேனாவால் அதிலேயே திருத்திக் கொடுங்கள், மாற்றி எடுத்துவருகிறேன். தாள் தீர்ந்தால் சொல்லி அனுப்புங்கள்.

அம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். கஷாயம் ஊற்றியதைத் தானே எல்லாக் கடையிலும் சொல்ல வேண்டுமாம். படி ஏறினால் மூச்சு வாங்கும், ஒரு ஸ்டூல் மட்டும் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளின் பழைய வாடிக்கையாளர்,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை,
கே.வி.குப்பம்.